மைலோமா திரும்பி வந்து மார்க்கர் மாறியிருந்தால்: எந்தப் பரிசோதனை முதலில்?

மேஜையில் மைலோமா (எலும்பு மஜ்ஜையில் வரும் ஒரு ரத்தப் புற்றுநோய்) உள்ள ஒருவரின் இரண்டு ரிப்போர்ட்கள். அதில் வரும் சிடி எண்களெல்லாம் மார்க்கர்கள், அதாவது செல்லை அடையாளம் காட்டும் புரதங்கள். ஒன்று நான்கு வருடத்துக்கு முந்தைய எலும்பு மஜ்ஜை பயாப்ஸி: சிடி138 அடர்த்தியாகப் பாசிட்டிவ், சிடி56 பாசிட்டிவ், சிடி20 நெகட்டிவ், கப்பா லைட் செயின். இன்னொன்று போன வாரம் வந்தது, விலா எலும்பை ஒட்டி வளர்ந்த கட்டியிலிருந்து எடுத்தது: சிடி138 மங்கலாக, சிடி56 இல்லை, சிடி20 ஒரு பகுதி செல்களில் பாசிட்டிவ், சைக்ளின் டி1 பாசிட்டிவ். நோயாளியின் மகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கிறார்: "இது பழைய நோய்தானா, இல்லை வேற ஏதாவது புதுசா வந்திருக்கா?"

நியாயமான கேள்வி. ஸ்லைடு பார்ப்பதையே வேலையாகக் கொண்டவர்களுக்கும் அதே கேள்விதான் வரும்.

இந்தக் கட்டத்தில் செய்யக்கூடியவை ஐந்து. மார்க்கர் மாறியதைப் பெரிதுபடுத்தாமல் மைலோமா என்றே சிகிச்சையைத் தொடங்கலாம். கையிலிருக்கும் திசுவிலேயே இன்னும் சில ஸ்டெயின் (மார்க்கரை நிறமேற்றிக் காட்டும் சோதனை) போட்டுப் பார்க்கலாம். புதிதாக மஜ்ஜை எடுத்து ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு அனுப்பலாம். குரோமோசோம் பரிசோதனைக்குப் போகலாம். வேறொரு இடத்தில் ஊசி போட்டு மறுபடி திசு எடுக்கலாம். ஐந்தையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். ஒன்றுமே செய்யாமல் விட்டதையும் பார்த்திருக்கிறேன். முதலாவதில் நாள் போகிறது, திசு தீர்ந்துபோகிறது. இரண்டாவதில் தவறான நோய்க்குச் சிகிச்சை நடக்கும் ஆபத்து இருக்கிறது. அதனால் எதை முதலில் செய்வது என்பதைக் கொஞ்சம் யோசித்தே முடிவு செய்ய வேண்டும்.

மார்க்கர் ஏன் மாறுகிறது

பிளாஸ்மா செல் நம் உடம்பில் எதிர்ப்பொருள் தயாரிக்கும் செல். நுண்ணோக்கியில் அதற்கு ஒரு தனி முகம் உண்டு. நியூக்ளியஸ் ஓரமாக ஒதுங்கியிருக்கும். அதற்குள் குரோமாட்டின், கடிகாரத்தின் எண்களைப் போலச் சுற்றிலும் திட்டுத் திட்டாக நிற்கும். பக்கத்தில் வெளிறிய ஒரு பிறை தெரியும். இந்தச் செல் புற்றாகிப் பெருகுவதுதான் மைலோமா. செல்லின் மேலும் உள்ளேயும் இருக்கும் சில புரதங்களை அடையாளமாக வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிறோம். அவைதான் மார்க்கர்கள். மேற்பரப்புப் புரதங்களுக்கு சிடி என்று எண் போடும் முறை 1982-ல் பாரிசில் நடந்த ஒரு சர்வதேசக் கூட்டத்தில் தொடங்கியது.

வழக்கமான மைலோமா செல்லில் சிடி38, சிடி138 இரண்டும் பலமாக இருக்கும். சிடி19 இருக்காது. சிடி45 மங்கலாக இருக்கும் அல்லது இருக்காது. சுமார் 70 சதவீதம் பேருக்கு சிடி56 இருக்கும். சிடி20 ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம் பேரிடம் தொடக்கத்திலிருந்தே காணப்படும், ஆகவே அது அபூர்வம் என்று சொல்ல முடியாது. இதையெல்லாம் விட முக்கியமானது லைட் செயின். எதிர்ப்பொருளின் சிறிய சங்கிலி அது, கப்பா, லாம்டா என்று இரண்டு வகை. ஒரே தாய்ச் செல்லிலிருந்து பெருகியதால் எல்லாச் செல்களும் கப்பாவை மட்டுமே, அல்லது லாம்டாவை மட்டுமே தயாரிக்கும்.

நோய் திரும்பும்போது இந்த வரிசை கலைவதற்குப் பின்னால் வேறு வேறு கதைகள் இருக்கலாம். மருந்துக்குத் தப்பிப் பிழைத்த ஒரு கிளைக் கூட்டம், முன்பு சிறுபான்மையாக இருந்தது, இப்போது பெரும்பான்மையாகியிருக்கலாம். மருந்தே மார்க்கரை மூடியிருக்கலாம், அல்லது செல் அந்த மார்க்கரைக் கைவிட வைத்திருக்கலாம். செல் மாறவே இல்லை, திசுவைக் கையாண்ட விதத்தில் ஸ்டெயின் கெட்டிருக்கலாம். கடைசியாக, இது மைலோமாவே இல்லாமலும் இருக்கலாம். எந்தப் பரிசோதனையைத் தேர்ந்தாலும், இவற்றில் எதை அது விலக்கித் தரும் என்பதை வைத்தே அதை எடைபோட வேண்டும்.

தேடாமல் சிகிச்சை தொடங்குவது

இது சோம்பேறித்தனம் இல்லை. பல நேரங்களில் சரியான முடிவும் இதுதான். ரத்தத்தில் பழைய அதே எம் புரதம் (நோய்ச் செல்கள் சுரக்கும் ஒரே மாதிரியான எதிர்ப்பொருள்), அதே வகை, ஏறிக்கொண்டே வருகிறது. மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் பெருகியிருக்கின்றன, லைட் செயினும் அதேதான். இந்த நிலையில் சிடி56 மட்டும் காணாமல் போயிருந்தால் அதற்காகச் சிகிச்சையை நிறுத்திவைக்க வேண்டாம். எம் புரதம் சிகிச்சையில் எட்டிய மிகக் குறைந்த அளவிலிருந்து 25 சதவீதமோ அதற்கு மேலோ, அதோடு ஒரு டெசிலிட்டருக்கு 0.5 கிராமாவது ஏறியிருந்தால் நோய் வளர்கிறது என்று சர்வதேச அளவுகோலே சொல்கிறது. அதற்கு ஸ்டெயின் எதுவும் தேவையில்லை.

ஆனால் புதிதாக ஒரு கட்டி வேகமாக வளர்கிறது, எல்டிஹெச் (செல்கள் வேகமாகப் பெருகி அழியும்போது ரத்தத்தில் ஏறும் நொதி) எகிறுகிறது, எம் புரதம் மட்டும் அசையவே இல்லை என்றால், தேடாமல் இருப்பது தப்பு. கட்டிக்கும் ரத்தக் கணக்குக்கும் பொருந்தவில்லை. நோய்ச் செல்கள் எதிர்ப்பொருள் சுரப்பதையே நிறுத்தியிருக்கலாம், அல்லது அந்தக் கட்டி வேறு ஏதோ ஒன்றாக இருக்கலாம். நம் விலா எலும்புக் கட்டி இந்த வகையைச் சேர்ந்தது.

அதே திசுவில் இன்னும் சில ஸ்டெயின்

என்னைக் கேட்டால் பெரும்பாலான நேரங்களில் முதல் படி இதுதான். நோயாளிக்கு மறுபடி ஊசி வேண்டாம், ஓரிரு நாளில் விடை கிடைத்துவிடும், விடையும் பெரும்பாலும் சிகிச்சையை மாற்றக்கூடிய விடையாக இருக்கும்.

முதலில் கப்பா, லாம்டா. இரண்டு ஸ்லைடு, பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் செல்களின் உடம்பெல்லாம் பழுப்பு நிறம் ஏறியிருக்கிறது, நியூக்ளியஸ் மட்டும் நீலமாக ஓரத்தில். இன்னொன்றில் அதே செல்கள் வெறும் நீலமாக, நிறமே ஏறாமல், இடையில் அங்கங்கே ஒன்றிரண்டு சாதாரணப் பிளாஸ்மா செல்கள் மட்டும் பழுப்பாக. இதைப் பார்த்ததும் பாதிப் பதற்றம் அடங்கிவிடும். பழைய ரிப்போர்ட்டிலும் கப்பா, இப்போதும் கப்பா என்றால் பழைய நோயாக இருக்கும் வாய்ப்பே அதிகம். கப்பா லாம்டாவாக மாறியிருந்தால் அது பெரிய செய்தி. அப்போது பழைய ஸ்லைடையும் வரவழைத்து மறுபடி பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்த பொறி சிடி138. பிளாஸ்மா செல்லின் அடையாளம் என்று எல்லோரும் இதை நம்புகிறார்கள். ஆனால் தோல், குடல், மார்பகம் போன்ற உறுப்புகளில் வரும் பல கார்சினோமாக்களிலும் (உறுப்புகளை மூடும் எபிதீலியச் செல்களில் தோன்றும் புற்றுகள்) இந்தப் புரதம் இருக்கிறது. போதாததற்கு மைலோமா செல்களில் சிடி45-ம் சிடி20-ம் பெரும்பாலும் இருப்பதில்லை, ஈஎம்ஏ என்ற எபிதீலிய மார்க்கர் இருக்கலாம், மிக அரிதாக சைட்டோகெரட்டின்கூடத் தலைகாட்டும். பழைய கதை தெரியாத ஒருவர் இந்த ஸ்லைடைப் பார்த்தால் கார்சினோமா என்று எழுதுவதற்கு எல்லாச் சாட்சியும் கையில் இருக்கும். மறுபக்கமும் உண்டு: மைலோமா என்று பல வருடம் தெரிந்த நோயாளிக்குப் புதிதாக வந்த கார்சினோமாவை, சிடி138 பாசிட்டிவ் என்பதால் மைலோமா என்றே முடிப்பது. மம்1 என்ற நியூக்ளியஸ் மார்க்கரையும் லைட் செயினையும் சேர்த்துப் பார்த்தால் இந்த இரண்டு தவறுகளையும் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

செல்கள் பெரிதாக, நியூக்ளியோலஸ் எடுப்பாக, கேஐ67 (செல் பெருகும் வேகத்தைக் காட்டும் மார்க்கர்) மிக அதிகமாக இருந்தால் பிளாஸ்மாபிளாஸ்டிக் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றையும் நினைக்க வேண்டும். 1997-ல் எச்ஐவி நோயாளிகளின் வாயில் வந்த கட்டிகளை வைத்து முதலில் விவரிக்கப்பட்ட நோய் இது. சிடி20 இல்லாமல் சிடி138 மட்டும் இருப்பதால் மைலோமாவின் மறுபிறவி போலவே தெரியும். எப்ஸ்டீன்-பார் வைரஸைத் தேடும் ஈபர் பரிசோதனை இங்கே பெரிய உதவி. அந்த லிம்ஃபோமாவில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஈபர் பாசிட்டிவ், மைலோமாவில் வழக்கமாக நெகட்டிவ். இரண்டுக்கும் மருந்துத் திட்டம் வேறு என்பதால் இந்த ஒரு ஸ்டெயினைத் தவறவிடக் கூடாது.

இந்த வழியின் பலவீனம் திசுவின் அளவு. ஊசி பயாப்ஸியில் கிடைப்பது மெல்லிய நூல் போன்ற துண்டு. மெழுகு பிளாக்கை ஒவ்வொரு முறை மெஷினில் பொருத்திச் சீவும்போதும் கொஞ்சம் திசு வீணாகிறது. நான்கு தவணையாக ஸ்டெயின் கேட்டால் நான்கு முறை வீணாகும், கடைசியில் குரோமோசோம் பரிசோதனைக்கு ஒன்றும் மிஞ்சாது. முதல் முறையே பத்துப் பதினைந்து வெற்று ஸ்லைடுகள் வெட்டி வைத்துவிடுவது நல்லது. எலும்பு கலந்த திசு என்றால் இன்னொரு சிக்கல்: சுண்ணாம்பை நீக்க வலுவான அமிலத்தில் ஊறவைத்திருந்தால் ஸ்டெயின் மங்கும், டிஎன்ஏவும் சிதையும். ஈடிடிஏ-வில் ஊறவைத்தால் நாள் அதிகம் பிடிக்கும், திசு பிழைக்கும். சிடி138 மங்கல் என்று ரிப்போர்ட் வந்தால், எந்தத் திரவத்தில் ஊறியது என்று கேட்பது என் முதல் கேள்விகளில் ஒன்று.

ஃப்ளோ சைட்டோமெட்ரி

இதற்கு உயிருள்ள செல் வேண்டும். செல்கள் ஒவ்வொன்றாக லேசர் ஒளியைக் கடக்கின்றன. ஒரே செல்லில் எட்டு, பத்து மார்க்கர்களைச் சேர்த்து அளக்கலாம், எவ்வளவு அடர்த்தி என்பதையும் சொல்லலாம். ஸ்லைடில் சிடி20 பாசிட்டிவ் என்று தெரியும். அது மைலோமா செல்லின் மேல் இருக்கிறதா, நடுவே கலந்த சாதாரண பி-செல்களா என்ற சந்தேகம் சில நேரம் தீராது. ஃப்ளோ அதைத் தீர்த்துவிடும். பிசிஎம்ஏ (பிளாஸ்மா செல்லின் மேலிருக்கும், சில புதிய மருந்துகள் குறிவைக்கும் புரதம்) போல அடர்த்தி குறைவான மார்க்கரையும் ஃப்ளோதான் நன்றாகப் பிடிக்கும்.

ஆனால் திரும்பி வந்த மைலோமாவில் இதற்கென்றே ஒரு படுகுழி இருக்கிறது. டாராடுமுமாப் என்ற மருந்து 2015 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இப்போது பல நாடுகளில் முதல் வரிசைச் சிகிச்சையிலேயே அது இருக்கிறது. அது ஒட்டிக்கொள்ளும் இடம் சிடி38. ஃப்ளோவில் பிளாஸ்மா செல்லைத் தேடிப் பிடிக்க நாம் பயன்படுத்துவதும் அதே சிடி38. மருந்து ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் பரிசோதனை எதிர்ப்பொருளுக்கு இடம் கிடைக்காது. விளைவு, சிடி38 நெகட்டிவ் என்ற ரிப்போர்ட், அல்லது பிளாஸ்மா செல்லே இல்லை என்ற இன்னும் மோசமான ரிப்போர்ட். தெரிந்தவர்கள் சிடி38-ன் வேறு பகுதிகளில் ஒட்டும் எதிர்ப்பொருளையோ சிடி229 போன்ற மாற்று மார்க்கரையோ சேர்ப்பார்கள். மருந்து பற்றிச் சீட்டில் எழுதியிருந்தால்தான் அதைச் செய்வார்கள்.

அப்புறம், இதே மருந்து ரத்தப் பரிசோதனையிலும் கைவைக்கும். டாராடுமுமாப் தானே ஒரு ஐஜிஜி கப்பா எதிர்ப்பொருள். ஐஜிஏ லாம்டா மைலோமா உள்ளவரின் ரத்தத்தில் திடீரென மெல்லிய ஐஜிஜி கப்பா பட்டை தெரிந்தால், புது நோய் என்று பயப்படுவதற்கு முன் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று பார்க்க வேண்டும்.

மாதிரி எடுக்கும் விதமும் முக்கியம். மஜ்ஜையை உறிஞ்சும்போது முதலில் வருவதில்தான் செல்கள் செறிவாக இருக்கும், அடுத்தடுத்து இழுக்க இழுக்க ரத்தம் கலந்து நீர்த்துவிடும். சாம்பிள் பழசானால் சிடி138 செல்லிலிருந்து உதிரும். கட்டித் திசுவை நேரே ஃபார்மலினில் போட்டுவிட்டால் ஃப்ளோவுக்கு வழியே இல்லை. ஸ்டெயினா ஃப்ளோவா என்று ஒன்றைத்தான் தேர்ந்தாக வேண்டுமானால், கட்டிக்கு ஸ்டெயின், மஜ்ஜைக்கு ஃப்ளோ என்பேன்.

குரோமோசோம் பரிசோதனை

சிடி20-ம் சைக்ளின் டி1-ம் சேர்ந்து வந்தால் இதை நிச்சயம் செய்ய வேண்டும். மைலோமா நோயாளிகளில் 15 முதல் 20 சதவீதம் பேருக்கு 11-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 14-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறியிருக்கும். சைக்ளின் டி1 மிகையாகத் தயாராவது அதனால்தான். இந்தக் கூட்டத்தில்தான் சிடி20-ம், லிம்ஃபோசைட் போன்ற சின்னச் செல் வடிவமும் அடிக்கடி தென்படும். அந்த மகளின் கையிலிருந்த ரிப்போர்ட்டில் விநோதமாகத் தெரிந்த இரண்டு மார்க்கர்களும் ஒரே மரபணு மாற்றத்தின் இரண்டு அடையாளங்களாக இருக்கலாம். அப்படியானால் நான்கு வருடம் முன்பும் அது இருந்திருக்க வேண்டும். பழைய மஜ்ஜையில் அப்போது ஃபிஷ் (குரோமோசோம் இடமாற்றத்தை ஒளிரும் சாயத்தால் காட்டும் பரிசோதனை) செய்திருந்தால், அந்தத் தாளைத் தேடி எடுப்பதே போதும்.

கவனம்: மேன்டில் செல் லிம்ஃபோமா என்ற இன்னொரு நிணநீர்ப் புற்றிலும் இதே இடமாற்றம், இதே சைக்ளின் டி1, இதே சிடி20. ஃபிஷ் மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. சிடி5, சிடி138, செல்லின் உடம்புக்குள் இருக்கும் லைட் செயின், பழைய வரலாறு எல்லாம் சேர்ந்துதான் பிரிக்கும். சைக்ளின் டி1 பாசிட்டிவ் என்றாலே இடமாற்றம் என்றும் முடிவு கட்டக் கூடாது. 11-ஆம் குரோமோசோமின் கூடுதல் பிரதிகள் இருந்தாலும் அது ஏறும்.

செயல்முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. மஜ்ஜையில் ஃபிஷ் செய்வதற்கு முன் பிளாஸ்மா செல்களைத் தனியாகப் பிரிக்க, சிடி138-ல் ஒட்டும் காந்த மணிகளைப் பயன்படுத்துகிறார்கள். நோய்ச் செல்லே சிடி138-ஐக் குறைத்துக்கொண்டிருந்தால், காந்தத்தில் சிக்குவது நல்ல செல்கள்தான், கெட்டவை கழுவி வெளியே போய்விடும். ஃபிஷ் நார்மல் என்று வரும். மார்க்கர் மாறியிருக்கிறது என்பதை ஃபிஷ் செய்பவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பழைய கட்டியும் புதிய கட்டியும் ஒரே தாயின் பிள்ளைகளா என்பதை உறுதியாகச் சொல்வது எதிர்ப்பொருள் மரபணுவின் வரிசையை இரண்டிலும் படித்து ஒப்பிடுவது. மார்க்கர் மாறலாம், அந்த வரிசை அடிப்படையில் மாறாது. எல்லோருக்கும் தேவையில்லை. லைட் செயின் மாறியவர்களுக்கும், லிம்ஃபோமாவா என்ற சந்தேகம் கடைசிவரை தீராதவர்களுக்கும் போதும்.

மறுபடி ஊசியா?

இதைக் கடைசியில் வைக்கிறேன், ஒரு விதிவிலக்கோடு. முதல் பயாப்ஸி செத்த திசுவாகவோ நசுங்கிப்போனதாகவோ இருந்தால் அதிலேயே ஸ்டெயின் மேல் ஸ்டெயின் போடுவது வீண். பெட் ஸ்கேனில் பிரகாசமாக ஒளிர்ந்த, எட்டக்கூடிய இடத்தில் எடுத்துவிடலாம். எலும்பு மஜ்ஜைக்கு வெளியே வளரும் மைலோமாவில் கட்டிக்கு ஒரு முகம், மஜ்ஜைக்கு ஒரு முகம் இருப்பது உண்டு. மஜ்ஜை சுத்தமாக இருக்கிறது என்பதால் கட்டியைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. ஆனாலும் வலி, ரத்தக் கசிவு, ஏற்கெனவே களைத்துப்போன ஒரு மனிதர் இன்னொரு முறை படுத்துக் கிடப்பது, இதெல்லாம் சின்ன விலை இல்லை.

மருந்து இலக்கு: அதேயா, வேறா

விடை கிடைத்த பிறகு இரண்டாவது தேர்வு வருகிறது. மாறிய மார்க்கர் மருந்தையும் மாற்றச் சொல்கிறதா?

சிடி38 குறைந்திருப்பது மட்டுமே டாராடுமுமாபை ஒதுக்கக் காரணமாகாது. மருந்தை நிறுத்தினால் சுமார் ஆறு மாதத்தில் சிடி38 பழைய அளவை நெருங்குவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே நோய் வளர்ந்தவருக்கு உடனே அதையே தொடர்வதைவிட, இடைவெளி விட்டுப் பின்னால் யோசிப்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சிடி20 தெரிகிறது என்பதால் அதைக் குறிவைக்கும் ரிட்டுக்சிமாப் கொடுக்கும் ஆசை வரும். மைலோமாவில் அது ஏமாற்றத்தையே தந்திருக்கிறது. 11-14 இடமாற்றம் உறுதியானால் வெனிடோகிளாக்ஸ் மாத்திரை பேச்சுக்கு வரும். இந்தக் கூட்டத்தில் அது வேலை செய்கிறது. ஆனால் இடமாற்றத்தைப் பார்க்காமல் எல்லோரையும் சேர்த்து நடத்திய பெல்லினி ஆய்வில் அந்த மாத்திரை எடுத்தவர்களிடம் இறப்பு அதிகமாக இருந்தது. இடமாற்றம் உள்ளவர்களிடம் மட்டும் நடத்திய கனோவா ஆய்வும் தன் முதன்மை இலக்கைப் புள்ளியியல்படி எட்டவில்லை. அதனால் ஃபிஷ் விடை இல்லாமல் அதைத் தொட வேண்டாம். விடை இருந்தாலும் தொற்று அபாயத்தைப் பேசிவிட்டே தொடங்க வேண்டும்.

பிசிஎம்ஏ விஷயம் இன்னும் நுட்பமானது. மைலோமாவுக்கான முதல் கார்-டி சிகிச்சை (நோயாளியின் டி-செல்களையே மாற்றியமைத்துத் திருப்பிக் கொடுப்பது) 2021-லும், டெக்லிஸ்டமாப் என்ற ஊசி மருந்து 2022-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இரண்டும் குறிவைப்பது பிசிஎம்ஏயைத்தான். அதற்குப் பின் நோய் திரும்பியவர்களில் சிலரிடம் அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளுமே தொலைந்திருந்தன. வேறு சிலரிடம் புரதம் மேற்பரப்பில் இருக்கிறது, ஆனால் மருந்து ஒட்டும் இடம் மட்டும் மாறியிருக்கிறது. இந்த இரண்டாவது வகையில் ஸ்டெயின் பாசிட்டிவ் என்றே வரலாம், மருந்து பிடிக்காது. ஆகவே பிசிஎம்ஏ நெகட்டிவ் என்ற விடைக்கு மதிப்பு அதிகம், பாசிட்டிவ் என்ற விடைக்குக் குறைவு. நெகட்டிவ் என்றால் 2023-ல் வந்த டால்குவெடமாப் போல ஜிபிஆர்சி5டி என்ற வேறு இலக்கைக் குறிவைக்கும் மருந்துக்கு மாறுவதே அர்த்தமுள்ளது. பாசிட்டிவ் என்றால், கடைசியாகக் கிடைத்த பலன் எத்தனை மாதம் நின்றது என்பதே ஸ்டெயினைவிட நல்ல வழிகாட்டி.

விலா எலும்புக் கட்டிக்கு என்ன செய்யச் சொல்வேன்? முதலில் கப்பா, லாம்டா, மம்1, சிடி5, ஈபர், கேஐ67 என்று ஒரே தடவையில். அதோடு பழைய ஃபிஷ் தாள். கப்பா அதேபோல் இருந்து, 11-14 இடமாற்றமும் முன்பே பதிவாகியிருந்தால், மஜ்ஜைக்கு வெளியே வளர்ந்த பழைய நோய் என்று எடுத்துக்கொண்டு சிகிச்சையைப் பேச ஆரம்பிக்கலாம். தாள் கிடைக்கவில்லை என்றால் முதலில் வைத்தியம் பார்த்த மருத்துவமனையிலிருந்து பழைய மெழுகு பிளாக்கைக் கேட்டு வாங்கலாம். நோயாளியோ குடும்பமோ எழுதிக் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டு வரும்போது வெயிலில் வண்டிக்குள் விட்டுவிடாதீர்கள், மெழுகு இளகும். பரிசோதனைச் சீட்டின் மேல் மூலையில் கடைசியாகப் போட்ட மருந்து ஊசியின் பெயரையும் தேதியையும் எழுதச் சொல்லுங்கள்.